ஜெர்மனியில் உங்கள் நர்சிங் படிப்பு செல்லுமா?

ஐசியூவில் எட்டு வருடம் வேலை பார்த்த நர்ஸ், ஜெர்மனிக்குப் போய் உதவியாளராகப் படுக்கை விரிக்கிறார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். படித்தது வீணா? வீண் இல்லை. நடுவில் ஒரு படி இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

அது என்ன படி?

தகுதி ஏற்பு (வெளிநாட்டுப் படிப்பு உள்ளூர்ப் படிப்புக்குச் சமம் என்று அரசு ஒப்புக்கொள்வது). உங்கள் படிப்பை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்கும் உரிமையை, 2012 ஏப்ரலில் வந்த சட்டம் எந்த நாட்டவருக்கும் தந்தது. மென்பொருள் வேலைக்கு இந்த ஏற்பு தேவையில்லை. நர்ஸ், மருத்துவர் வேலைக்குக் கட்டாயம்.

எதைப் பார்ப்பார்கள்?

என்ன படித்தீர்கள், எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தீர்கள் என்று பார்ப்பார்கள். மார்க் ஷீட் மட்டும் போதாது. பாடவாரியாகவும் வார்டுவாரியாகவும் மணிக்கணக்கைக் கல்லூரி முத்திரையோடு வாங்கி வையுங்கள். வேலை பார்த்த அனுபவமும் குறையை ஈடுகட்டும். பழைய மருத்துவமனைச் சான்றிதழ்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

குறை இருக்கிறது என்றால்?

எது குறை என்று எழுதியே தருவார்கள். பிறகு இரண்டு வழி: மருத்துவமனையில் பயிற்சிக் காலத்தை முடிக்கலாம், அல்லது வாய்மொழியும் செய்முறையும் கொண்ட தேர்வில் தேறலாம். அதுவரை பெரும்பாலும் உதவியாளர் வேலை, உதவியாளர் சம்பளம்தான்.

ஜெர்மன் மொழி எவ்வளவு வேண்டும்?

நர்ஸ் உரிமத்துக்குப் பொதுவாக பி2 நிலை (தயங்காமல் பேசவும் எழுதவும் முடிவது) கேட்பார்கள். "ராத்திரியிலிருந்து விலாவில் குத்துது" என்று ஒரு பாட்டி முனகினால் உங்களுக்குப் புரிய வேண்டும். அதை அடுத்த ஷிஃப்டுக்கு எழுதி வைக்கவும் தெரிய வேண்டும்.

முதலில் போய்விட்டு, அப்புறம் விண்ணப்பிக்கலாமா?

2024 மார்ச் முதல் அதற்கும் வழி உண்டு. வேலை தருபவரோடு ஒப்பந்தம் போட்டு, ஏ2 நிலை (அன்றாடப் பேச்சு) ஜெர்மனோடு போகலாம். ஏற்பை முடிக்க அதிகபட்சம் 3 ஆண்டுகள் கிடைக்கும். ஆனால் வேலையும் பார்த்துக்கொண்டு மொழியும் படிப்பது சுலபமில்லை. முடிந்தவரை ஊரிலேயே படித்துவிடுங்கள்.

ஏஜெண்டுக்கு எவ்வளவு கொடுப்பது?

இந்திய விதிப்படி, பதிவுபெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். பதிவு இருக்கிறதா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். நியாயமான ஆளெடுப்புக்கு ஜெர்மனி அரசு தரும் முத்திரை பெற்றவர்கள் நர்ஸிடம் பணமே வாங்கக் கூடாது.

கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்க வேண்டும்?

உதவியாளராக எத்தனை மாதம்? அப்போது சம்பளம் என்ன? உரிமம் கிடைத்த நாளிலிருந்து எவ்வளவு? மொழி வகுப்புக்கு யார் பணம் கட்டுவது? நடுவில் விலகினால் எதையாவது திருப்பிக் கட்ட வேண்டுமா?

இந்த ஐந்துக்கும் பதில் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை இங்கே இருக்கும் வேலையை விடாதீர்கள்.