களப்பும் வண்டலும்

மட்டக்களப்பு வாவியின் மீன் பாடும் என்பதைப் பாடாத புலவர் அரியர். ஆனால் அவ்வாவியின் அடியிற் படியும் வண்டலைப் பற்றிப் பேசுவோர் அவரினும் அரியர். ஊரின் பெயரிலே நிற்கும் ‘களப்பு’ என்ற சொல்லோ ஆழங்குறைந்த நீர்ப்பரப்பைச் சுட்டுவது. அந்த ஆழமும் மேலும் குறையுமா என்பதே நம் வினா.

மழையால் அரிக்கப்பட்ட மண் நேரே கடலைச் சேர்ந்துவிடுகிறது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. மலைச்சரிவில் நீங்கிய மண், அடிவாரத்திலே சிறிது தங்கும். வெள்ளச் சமவெளியிலே பெரிதும் தங்கும். குளத்தின் அடியிலே படியும். அங்கிருந்து பின்னொரு பெருவெள்ளம் அதனை எழுப்பிக் கீழே தள்ளும். ஒரு பிடி மண்ணின் பயணம் நூற்றாண்டுகள் நீளக்கூடும்.

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துக் கூன் கிரீக் என்னும் சிற்றாற்றை ஸ்ரான்லி ற்றிம்பிள் என்ற அறிஞர் ஆராய்ந்தார். 1930களுக்குப் பின் அங்கே உழவுமுறை திருந்தியது. மேட்டுநில அரிப்பும் வெகுவாகக் குறைந்தது. எனினும் ஆறு வெளியேற்றிய மண்ணின் அளவு அவ்வாறு குறையவில்லை. பள்ளத்தாக்கு முன்னரே சேமித்து வைத்த வண்டலை ஆறு எடுத்துச் செலவிட்டது. ஆறு பழங்கணக்கை மறப்பதில்லை.

இதனை நம் வாவியோடு பொருத்திக் காண்போம். அது ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. படுவான்கரை வயல்களின் வளமே பழைய வெள்ளங்கள் விட்டுச் சென்ற வண்டல்தான். உன்னிச்சை முதலிய குளங்கள் மேலிருந்து வரும் மண்ணில் ஒரு பங்கைத் தடுத்துக்கொள்கின்றன. ஆனால் மண் சேரச் சேர, குளத்தின் கொள்ளளவு குறைகிறது. எஞ்சிய நுண்மண் வாவியை அடைகிறது. கோடையிலே கடலலை மணலைக் குவித்து முகத்துவாரத்தை அடைக்கிறது. வடகீழ்ப் பருவமழை வெள்ளமே அதனை உடைக்கிறது. வாய் மூடிய நாள்களில் வந்த வண்டலுக்குப் போக்கிடமேது?

வெள்ளக்காலத்தில் முகத்துவாரத்தை வெட்டிவிடுவது வயல்களைக் காக்கும். ஆனால் மேட்டிலே காடழிந்து பெயரும் மண்ணை அது தடுக்காது. ஆற்றங்கரை மரமும், சரிவுகளில் மண்ணைப் பிடிக்கும் புல்லும், வாவிக்கரைக் கண்டலுமே உண்மைக் காவல்.

இன்று மேட்டிலே நாம் செய்யும் பிழை நாளையே வாவியிலே தெரிவதில்லை. நம் பேரர் தோணி தரைதட்டும்போது தெரியும். அதுபோலவே, இன்று நாம் செய்யும் நன்மையும் தாமதித்தே பலன் தரும். தாமதிக்கும் என்பதற்காகத் தொடங்காதிருத்தல் தகுமோ?