மலையிலிருந்து கடற்கரைக்கு



முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் வாழும் நமது கொல்லிமலைச் சகோதரர் ஒருவர், "போதகரய்யா, பிள்ளைகளுக்கு ஒருமுறை கடலைக் காட்டணும்" என்றார். மூச்சுக் கோளாறு இருப்பதால் விமானம் கூடாதென்பது மருத்துவர் சொல். வேறு வழி உண்டா? உண்டு.

முதலாவது, காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். காரின் முன் இருக்கையில் பட்டை மாட்டி உட்காரவேண்டும். உணர்வற்ற உடலுக்கு வலி தெரியாது; அரை மணிக்கொருமுறை தூக்கி உட்காரவைக்காவிட்டால் புண் வந்துவிடும்.

அடுத்தது, சேலத்தில் ரயில். பல விரைவு வண்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு அகலக் கதவுள்ள பெட்டி உண்டு. பெரும்பாலும் அது வண்டியின் கோடியில் இருக்கும். வண்டி சில நிமிடமே நிற்பதால் இடத்தை முன்பே விசாரித்து நிற்கவேண்டும். துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவருக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணத்தில் 75 சதவீதச் சலுகை. துணைக்கு வருபவருக்கும் அப்படியே. உரிய மருத்துவச் சான்று அவசியம்.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பின்பு சீராக்கப்பட்டது. சக்கரம் மணலில் புதையாமல் கடலருகே போகலாம்.

1929இல் மரித்த ஜெஸ்ஸி பிராண்ட் ஐயரின் நாட்களில் இம்மலையில் இயலாதவரை டோலியில் சுமந்தார்கள். இன்று ரயிலுக்குச் சலுகை உண்டு. மலையிறங்கும் கார் வாடகைக்கு இல்லை. அந்தப் பாரத்தை உங்கள் காணிக்கை சுமந்தது. சகோதரர் குடும்பமாய்ப் போய்வந்தார். அவருடைய இளைய மகள் ஒரு சீசாவில் கடல்தண்ணீர் கொண்டுவந்து நமக்குக் காட்டினாள்.