பணத்தின் மதிப்பு – 9: தங்கவயலின் இரு விலைகள்

உழைக்கும் குடும்பம் ஒன்று வழக்கமாக வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய், துணி, எரிபொருள் முதலியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு அடிப்படை ஆண்டில் ஆன செலவை 100 எனக் கொண்டு, பின்வரும் காலச் செலவை அதனோடு ஒப்பிட்டுப் பெறும் எண்ணே நுகர்வோர் விலைக் குறியீட்டெண் எனப்படும். அது இடைவிடாது ஏறும் நிலையே பணவீக்கம். நடுவண் அரசின் தொழிலாளர் பணியகம் 1958-59இல் 50 தொழில் மையங்களில் குடும்பச் செலவுகளை ஆராய்ந்து, 1960ஐ அடிப்படையாக வைத்து இந்தக் குறியீட்டெண்ணை வகுத்தபோது, அவற்றுள் ஒன்றாகக் கோலார் தங்கவயலும் இடம்பெற்றது. வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து குடியேறி, லைன் வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் அடுப்படிச் செலவு இவ்வாறு நாட்டின் கணக்கேட்டில் ஏறியது. அவர்கள் வெட்டியெடுத்த பொன்னுக்கோ வேறொரு கணக்கு இருந்தது.

1944இல் பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில் உருவான ஏற்பாட்டின்படி ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை 35 டாலர் என நிலைபெற்றது. 1949க்குப் பின் ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்பது மாற்று விகிதமாக இருந்தது. இவ்விரண்டையும் ஒட்டிக் கணக்கிட்ட 10 கிராமுக்கு 53.58 ரூபாய் என்ற விலையிலேயே 1956 முதல் ரிசர்வ் வங்கி தன் தங்கக் கையிருப்பை மதிப்பிட்டது. உள்நாட்டுச் சந்தையில் 1960களின் தொடக்கத்தில் அதே தங்கம் ஏறத்தாழ இருமடங்கு விலைக்குப் போயிற்று. 1956இல் மைசூர் அரசுடைமையான சுரங்கங்கள் 1962 டிசம்பர் 1 அன்று நடுவண் நிதி அமைச்சகத்தின் பொறுப்புக்கு வந்தன. தங்கம் பன்னாட்டு விலைக்கு அரசிடம் சேர, கூலியும் மரமும் இரும்பும் நாளுக்குநாள் ஏறும் உள்நாட்டு விலைக்கு வந்தன; இந்த இடைவெளி சுரங்கத்தின் நட்டமாகக் கணக்கில் நின்றது.

இதே இடைவெளியில்தான் நாடு முழுவதும் சிக்கியிருந்தது. ஒரு நாட்டின் விலைகள், அது வணிகம் செய்யும் பிற நாடுகளின் விலைகளைவிட விரைந்து ஏறும்போது, அதன் ஏற்றுமதிப் பொருள்கள் வெளியே விலை மிகுந்தவையாகின்றன. இறக்குமதி மலிவாகத் தோன்றுகிறது. அன்னியச் செலாவணி, அதாவது வெளிநாட்டுக் கடனையும் இறக்குமதியையும் தீர்க்கும் பணம், கரைகிறது. 1962, 1965 ஆண்டுகளின் போர்களும் 1965-66இன் வறட்சியும் விலைகளை மேலும் உந்தவே, 1966 ஜூன் 6 அன்று டாலரின் விலை 7.50 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உள்நாட்டில் ஏற்கெனவே தேய்ந்துவிட்ட ரூபாயை வெளியேயும் தேய்ந்ததாக ஒப்புக்கொண்ட செயல் அது. ஆயினும் நாணய மதிப்புக் குறைப்பு எண்ணெய், உரம், எந்திரம் ஆகிய இறக்குமதிப் பொருள்களின் விலையை உயர்த்துவதால், பணவீக்கத்தின் விளைவே அடுத்த பணவீக்கத்துக்குக் காரணமாகவும் அமைகிறது.

1971இல் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பைத் துண்டித்த பிறகு, தங்கத்தின் விலை கட்டின்றி ஏறியது. விலைவாசிக்கு ஈடுகொடுக்கும் காப்பு தங்கமே என்ற நம்பிக்கையும் வலுப்பெற்றது. அந்நம்பிக்கை எல்லாக் காலத்துக்கும் பொருந்திவிடாது என்பதற்குத் தங்கவயலே சான்று. செலாவணி வற்றிய 1991இல் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் வங்கிகளிடம் அடகு வைத்தது. ஜூலைத் தொடக்கத்தில் ரூபாயின் மதிப்பு இருமுறை குறைக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் தொழிலாளர் விலைக் குறியீட்டெண் இருமடங்கைத் தாண்டியபோது, உள்நாட்டுத் தங்கத்தின் விலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவே கூடியது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கிவிட்ட, பாறையில் பொன்னின் அளவு வெகுவாகக் குறைந்துவிட்ட சுரங்கங்களால் இந்த நெருக்கடியைத் தாங்க முடியவில்லை. அவற்றை நடத்த 1972இல் உருவான பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது.

தாது வற்றியதே மூடலின் அடிப்படைக் காரணம் எனினும், ஏறும் செலவுக்கும் ஏறாத விலைக்கும் இடையில் நசுங்கியவர்கள் யார் என்பதைப் பொருளியல் மறந்துவிடலாகாது. பணவீக்கம் எல்லோரையும் ஒரே அளவில் தாக்குவதில்லை: கடன் பெற்றவரின் சுமையை அது குறைக்கிறது, சேமித்தவரின் பணத்தை அரிக்கிறது, குறியீட்டெண்ணோடு இணைந்த பஞ்சப்படி பெறுபவர் ஓரளவு தப்ப, அன்றாடக் கூலிக்காரர் முழு அடியையும் ஏற்கிறார். சுரங்கம் மூடிய பின், மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு விடியலில் ரயிலேறிக் கூலி வேலைக்குச் செல்லும் தங்கவயல் மக்களுள் பலருக்குப் பஞ்சப்படி என்ற காப்பும் இல்லை.

2016 முதல் சில்லறைப் பணவீக்கத்தை 4 விழுக்காட்டில், இரு விழுக்காடு கூடவோ குறையவோ விட்டு, நிறுத்துவது ரிசர்வ் வங்கியின் சட்டக் கடமை. அந்த இலக்கு பிறழும்போது, கூடுதல் கூலி கேட்டுப் பெற்று விலையுயர்வை ஈடுகட்டும் வலிமையற்றவர்களிடமிருந்தே நாடு தன் நட்டத்தை முதலில் வசூலிக்கிறது. ஆகவே விலை நிலைப்பு என்பது செல்வர்களின் முதலீட்டுக் கவலையாக இருப்பதற்கு முன்பே உழைப்பவர்க்குரிய நீதியாகும்.

(தொடரும்)