ஓதம் ஏறும் வீடும் பூஞ்சணம் பூக்கும் சுவரும்



நெல்லில் ஒரு இலை பழுத்தால் உடனே என்னவென்று பார்க்கிறோம். ஆட்டுக்குச் சளி கண்டால் மருந்து கொடுக்கிறோம். ஆனால் குடியிருக்கிற வீட்டுச் சுவர் பொரிந்து உதிர்ந்தால், “மழைக்காலம்னா அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். அந்த அலட்சியத்தால் வீடும் கெடுகிறது, வீட்டில் இருக்கிற தானியமும் கெடுகிறது, பிள்ளைகள் உடம்பும் கெடுகிறது. இதற்கு என்ன செய்யலாம் என்பதை இன்று பார்ப்போம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஆத்தங்குடியை எடுத்துக்கொள்வோம். பூக்கல் பதித்த தரைக்குப் பேர் போன ஊர். நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா என்று போய்ச் சம்பாதித்துக் கட்டிய பெரிய வீடுகள் இந்தச் சுற்று வட்டாரம் முழுவதும் உண்டு. மழை குறைந்த சீமைதான். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் கொட்டித் தீர்க்கும். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் இதை அறிந்தே கட்டினார்கள். கூரையைச் சரிவாக வைத்து நாட்டு ஓடு வேய்ந்தார்கள். தரையைத் தெருவைவிட நன்றாக உயர்த்தினார்கள். கூரைத் தண்ணீர் வளவு முற்றத்தில் விழுந்து, வாய்க்கால் வழியே வெளியேறி, ஊருணிக்குப் போகும்படி செய்தார்கள். வந்த தண்ணீர் எங்கும் தேங்காமல் போனதால்தான் அந்த வீடுகள் மூன்று தலைமுறைக்கு நின்றன. குடிசை வீடானாலும் மாளிகையானாலும் விதி அதுதான்.

ஈரம் எந்த வழியாக வருகிறது?

வைத்தியத்துக்கு முன்னால் நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈரம் வரும் வழி நான்கு.

சுவரின் மேல் பக்கம், உத்திரம் உட்காரும் இடத்தில் பழுப்புக் கறை இருந்தால் கூரை ஒழுகுகிறது என்று அர்த்தம்.

தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை ஒரே மட்டமாக நனைந்து, அதன் மேல் ஓரத்தில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் அது மண்ணிலிருந்து ஏறுகிற ஓதம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் தண்ணீரை இழுக்கும்.

வெளிச்சுவரின் அடியில் மட்டும் பாசி படர்ந்திருந்தால், இறவாணத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கிறது.

நான்காவது, வீட்டுக்குள்ளேயே உண்டாகும் ஈரம். நெல் அவிப்பது, ஈரத்துணி உலர்த்துவது, சன்னலை அடைத்தே வைப்பது இவற்றால் வருவது. இது பீரோவுக்குப் பின்னாலும், காற்றுப் போகாத மூலையிலும் கருப்புப் புள்ளியாகத் தெரியும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு சாண் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரத்தையும் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் முன்பக்கம் வியர்த்திருந்தால் அறைக் காற்றில்தான் ஈரம். பின்னதற்குச் சன்னலைத் திறந்தாலே பாதி குணமாகிவிடும்.

கூரையைக் கவனியுங்கள்

ஒரு ஓடு உடைந்தால் உடனே வீடு விழுந்துவிடாது. அதனால்தான் நாம் அசட்டையாக இருந்துவிடுகிறோம். ஆனால் அந்த ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர் ரீப்பரை நனைக்கும், கைமரத்தை நனைக்கும், கடைசியில் உத்திரத்தின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் போய்த் தங்கும். அங்கே வெயிலும் படாது, காற்றும் படாது. பர்மாத் தேக்கானாலும் வருஷக்கணக்கில் ஈரத்திலேயே இருந்தால் உளுத்துத்தான் போகும். நாட்டு மரமென்றால் கரையானும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை, ஆடி, ஆவணிக்குள் ஆளை ஏற்றி ஓடு மாற்றிவிட வேண்டும். அணிலும் பூனையும் குரங்கும் நகர்த்திய ஓடுகளைச் சரிசெய்யணும். இரண்டு கூரை சந்திக்கும் கூடல்வாயில் வேப்பிலைச் சருகு அடைத்திருக்கும். அதை வாரிப் போடணும். ஒழுகலில் பெரும்பங்கு அங்கேதான் ஆரம்பிக்கும். மட்டப்பா வீடென்றால் தளத்து வெடிப்பையும், தண்ணீர் போகும் துவாரத்தையும் பாருங்கள்.

ஓத சுவருக்குச் சிமெண்ட் பூசலாமா?

இதுதான் பலரும் கேட்கிற கேள்வி. பழைய சுவர் செங்கலும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டியது. அது மூச்சு விடுகிற சுவர். மழைக்காலத்தில் குடித்த ஈரத்தைத் தை, மாசி வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால், வேர்த்த உடம்பில் ரப்பர் கோட்டு மாட்டிய மாதிரிதான். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். நாலு வருஷத்தில் சிமெண்ட் பூச்சு செங்கல் தோலையும் பிய்த்துக்கொண்டு விழும். எண்ணெய் பெயிண்ட் அடிப்பதும் அப்படித்தான்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் வெளியே போங்கள். சுவரை ஒட்டிக் குவித்த மண், எரு, விறகு எல்லாவற்றையும் அகற்றுங்கள். ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீடு பள்ளத்தில் கிடக்கிற ஊர்கள் நிறைய. அங்கே சுவர் ஓரமாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட வேண்டும். வெளித்தரை உள்தரையைவிட அரையடியாவது தாழ்ந்து, சுவரைவிட்டு விலகிச் சரிவாக இருக்கணும். இறவாணத்துக்கு நேர் கீழே இரண்டடி அகலத்துக்குச் சல்லிக்கல் பரப்பினால் தெறிப்பு குறையும்.

பிறகு பொரிந்த பூச்சைச் செதுக்கி எடுத்துவிட்டு, சுவரை ஒரு கோடை முழுதும் காயவிடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி அள்ளிக் கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடியும் சுவருக்குள்ளேயே போய்விடும். நன்றாகக் காய்ந்த பிறகு, ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு கலந்து பூசலாம். கடுக்காய்த் தண்ணீர் சேர்க்கும் பக்குவம் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் இன்னும் நல்லது.

இன்னொரு விஷயம். யூரியா, பொட்டாஷ் மூட்டைகளையும் உப்பு மூட்டையையும் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள். உப்பு சுவருக்குள் இறங்கிவிட்டால், மழையே இல்லாத நாளிலும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மாட்டுக் கொட்டில் சுவர் எப்போதும் நனைந்தே கிடப்பதற்கு மாட்டு மூத்திர உப்பும் ஒரு காரணம்.

பூக்கல் தரை

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட கல் அல்ல. கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து இறுக்கிய கல். ஆகவே அடியிலிருந்து ஓதம் ஏறினால் அதன்மேலும் வெள்ளை பூக்கும். அதைப் போக்க ஆசிட் ஊற்றக் கூடாது. ஆசிட் சிமெண்டையே தின்று, வண்ணத்தையும் பளபளப்பையும் கொண்டுபோய்விடும். வெறும் துணியால் துடைத்து, தரை நன்றாகக் காய்ந்த பிறகு தேங்காயெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். ஈரம் இருக்கும்போதே வார்னிஷ் பூசினால் தரை திட்டுத்திட்டாகிவிடும்.

பூஞ்சணத்தைத் துடைக்கும் முறை

பூஞ்சண விதை காற்றில் எங்கும் இருக்கிறது. ஈரம் கிடைத்த இடத்தில் அது முளைக்கும். ஈரத்தை நிறுத்தாமல் எத்தனை முறை துடைத்தாலும் திரும்ப வரும்.

துடைக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். இழுப்பு நோய் உள்ளவர்களையும் குழந்தைகளையும் அந்த அறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். நனைந்த சுவரில் சுவிட்சு இருந்தால் மெயினை அணைத்துவிடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பூஞ்சணத்தைத் தட்டக் கூடாது, தூள் பறந்து வீடெங்கும் பரவும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். கல்லிலும் சிமெண்டிலும் கறை போகாவிட்டால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து பூசி, கால் மணி நேரம் கழித்துக் கழுவலாம். மரத்துக்கும் பூக்கல்லுக்கும் இது வேண்டாம். பிளீச்சிங் பவுடரோடு ஆசிடையோ கக்கூஸ் கழுவும் மருந்தையோ சேர்த்துவிடாதீர்கள். விஷவாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

துடைத்துக் காய்ந்த சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு அடியுங்கள். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் முளைக்காது. தென்னைக்கும் திராட்சைக்கும் தெளிக்கிற போர்டோ கலவை உங்களுக்குத் தெரிந்ததுதான். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. கொட்டில் சுவருக்கும் வெளிச்சுவருக்கும் அடிக்கும் சுண்ணாம்பில், பத்து லிட்டருக்கு 100 கிராம் மயில்துத்தம் சேர்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் வாளியில்தான் கரைக்க வேண்டும். அது விஷம் என்பதால் தானிய அறைக்கும் அடுப்படிக்கும் வேண்டாம்.

நெல்லும் கடலையும் ஜாக்கிரதை

சுவரில் பூத்தது சுவரோடு நிற்காது. நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல் இவற்றில் பூக்கிற ஒரு வகைப் பச்சைப் பூஞ்சணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று கண்டுபிடித்தபோதுதான் இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரிந்தது. 1974இல் நம் நாட்டிலேயே, ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்ட ஏழை ஜனங்களில் 106 பேர் ஈரல் கெட்டு இறந்தார்கள். இந்த நஞ்சு வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதும் போகாது.

எனவே பூத்த கடலையை “ஆட்டுக்காவது ஆகும்” என்று போடாதீர்கள். அது பாலிலும் இறங்கும். புதைத்துவிடுங்கள். நெல்லை 13 சதவீத ஈரத்துக்கும், கடலையை 8 சதவீதத்துக்கும் கீழே காயவைத்து அடுக்குங்கள். மூட்டைகளை வெறுந்தரையில் வைக்காமல் கட்டைமேல் வைத்து, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி அடுக்குங்கள். ஓத வீட்டில் விதைக்கடலை வைப்பது அடுத்த வருஷ மகசூலை அடகு வைப்பதுதான்.

பூட்டிக் கிடக்கும் வீடு

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, திருவிழாவுக்கு மட்டும் திறக்கிற வீடுகள் செட்டிநாட்டில் ஏராளம். அப்படிக் கெட்டுப்போன வீடுகளின் தூணும் கதவும்தான் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு விலைக்கு வருகின்றன. சொந்தக்காரர் வெளியூரில் இருந்து, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களிடம் இருந்தால், மாசம் ஒரு தடவை எல்லாக் கதவையும் சன்னலையும் ஒரு பகல் முழுதும் திறந்து வையுங்கள். பெரிய மழை பெய்த மறுநாள் உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். புதுக் கறை கண்டால் உடனே சொல்லி அனுப்புங்கள். அன்றைக்கு ஒரு ஓட்டை மாற்றுவது ஓர் ஆள் கூலியோடு முடியும். பத்து வருஷம் கழித்து உத்திரம் மாற்றுவது யாராலும் ஆகாது.

சுருக்கமாகச் சொல்கிறேன். கோடையில் சுவரைக் காயவைத்துப் பூசுங்கள். ஆடி, ஆவணியில் ஓடு மாற்றுங்கள். புரட்டாசியில் வாய்க்காலைத் தூர்வாருங்கள். ஐப்பசி மழையை நிம்மதியாகப் படுத்துக்கொண்டே கேட்கலாம்.