முத்திரைத் தாளில் முடிவதல்ல மணமுறிவு

‘தீர்த்து விட்டாச்சு’ என்கிற சொல்லை எங்கள் வடமதுரை வட்டாரக் கிராமங்களில் இன்றும் கேட்கலாம். ஒத்துப்போகாத கணவனும் மனைவியும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அமர்கிறார்கள். சீராக வந்த பாத்திரங்களும் நகைகளும் திரும்புகின்றன. ‘இனி ஒருவர் வாழ்வில் மற்றவர் குறுக்கிட மாட்டோம்’ என்று முத்திரைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட, நான்கு பேர் சாட்சி போடுகிறார்கள். வக்கீல் செலவு இல்லை. நீதிமன்ற அலைச்சல் இல்லை. ஆனால், அங்கே மணமுறிவும் நிகழவில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, திருமண உறவை முடித்துவைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. ஒரு சமூகத்தில் தொன்றுதொட்டு வரும் மணவிலக்கு வழக்கத்தை அச்சட்டத்தின் 29ஆவது பிரிவு விதிவிலக்காக ஏற்கிறது என்பது உண்மைதான். ஆயினும், அத்தகைய வழக்கம் இருப்பதை அதைச் சொல்பவரே நீதிமன்றத்தில் எடுத்துரைத்து நிரூபிக்க வேண்டும் என 2002இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்த நிரூபணம் எளிதன்று. நோட்டரி முத்திரையும் இந்தக் குறையை ஈடுசெய்யாது. திருமண, விவாகரத்துப் பத்திரங்களை நிறைவேற்றித் தர நோட்டரிகளுக்கு அதிகாரமில்லை என்று மத்திய சட்டத் துறை 2024இல் நினைவூட்டியிருக்கிறது.

அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டால், இரண்டாவது திருமணம் செல்லாததாகிவிடும். முதல் துணை புகார் அளித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 82ஆவது பிரிவின்கீழ் ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. கணவர் இறந்தால், சட்டத்தின் கண்களில் முதல் மனைவியே வாரிசு. பல ஆண்டுகள் உடன் வாழ்ந்த இரண்டாவது மனைவி, வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் தன் நிலையை அறிகிறார். குழந்தைகளைச் சட்டம் கைவிடவில்லை என்பது ஓர் ஆறுதல்.

இதைவிடக் கொடிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பரஸ்பர சம்மதத்துடன் பிரிந்து வாழும் மனைவிக்குப் பராமரிப்புத் தொகை கிடையாது என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. ஆனால், சம்மதத்தின் பேரில் நீதிமன்றம் வழியாக மணவிலக்குப் பெற்றவருக்கு இந்தத் தடை பொருந்தாது என்று 1995இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதாவது, மணவிலக்காகச் செல்லாத அந்த முத்திரைத் தாள், ‘சம்மதித்துத்தான் பிரிந்தாள்’ என்று பராமரிப்பு வழக்கில் அவளுக்கு எதிராகவே நீட்டப்படலாம். விடுதலையும் இல்லை, வாழ்வாதாரமும் இல்லை என்ற நிலைக்கு ஒரு கையெழுத்து அவளைத் தள்ளிவிடுகிறது.

நீதிமன்றத்துக்கே சென்றாலும் வழக்கறிஞர் தேவையா என்று கேட்கலாம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை ஓர் உரிமையாகத் தரவில்லை. தரப்பினர் தாமே பேச வேண்டும் என்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால், தாமே பேசுவது வேறு. தம்மைக் கட்டுப்படுத்தும் நிபந்தனைகளைத் தாமே எழுதிக்கொள்வது வேறு. ஜீவனாம்சம் முழுவதையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி, குழந்தையைப் பார்க்கும் நாள் பற்றி ஒன்றுமே இல்லாத மனு, நகைப் பட்டியல் இணைக்கப்படாத ஒப்பந்தம் ஆகியவை தீர்ப்பாணையாகிவிட்டால் திருத்துவது கடினம். சம்மதத்தின் பேரில் குடும்ப நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை எதிர்த்து மேல்முறையீடும் கிடையாது. அழைப்பாணை வந்தும் அஞ்சி ஆஜராகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அதை நீக்கக் கோருவதற்கான காலவரையறை வெறும் 30 நாட்கள்.

வழக்கறிஞர் கட்டணமும் முடிவில்லாத வாய்தாக்களும் மக்களை அச்சுறுத்துகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. இங்குள்ள நூற்பாலைகளில் வேலைபார்க்கும் பெண்ணுக்கு ஒரு வாய்தா என்பது ஒரு நாள் கூலி. ஆனால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. வருமான வரம்புக்குள் வரும் ஆண்களுக்கும் உண்டு. வடமதுரைக்காரர்கள் வேடசந்தூர் நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

சமரசம் பேசும் ஊர்ப் பெரியவர்களை நான் குறைகூறவில்லை. இரு குடும்பங்களுக்கு இடையே பகை மூளாமல் தடுக்கும் பணி அவர்களுடையது. ஆனால், அவர்களின் பேச்சு முத்திரைத் தாளோடு முடியக் கூடாது. பேசி முடித்ததைப் பரஸ்பர சம்மத மனுவாக நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லச் சொல்வதும், அதில் கையெழுத்திடுமுன் அந்தப் பெண் தனக்கென ஒரு வழக்கறிஞரிடம் தனியே பேசிவர வழிசெய்வதும் அவர்களால் முடியும். கணவர் தரப்பு வைத்திருக்கும் அதே வழக்கறிஞர் இருவருக்கும் போதும் என்ற சிக்கனம் வேண்டாம். ஒருவருக்காக எழுதும் பேனா மற்றவரின் நலனையும் சேர்த்துக் காக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. திருமணத்தை ஊர் கூடி நடத்தலாம். அதை முடிக்க நீதிமன்றத்தின் ஆணை வேண்டும்.