தினமும் கட்டுப் பிரிக்க வேண்டாம்

பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள், தண்டுவடத்தில் அடிபட்ட இளைஞர்கள் என்று படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் வீடுகளுக்குப் போய்ப் புண்ணைக் கவனிக்கும் நர்ஸ் நான். மதுரையும் சுற்றுக் கிராமங்களும்தான் என் எல்லை. எந்த வீட்டிலும் முதல் நாளே கேட்பார்கள்: "சிஸ்டர், தினமும் வந்து கட்டு மாத்திருவீங்கள்ல?" மாட்டேன் என்றதும் முகம் வாடிவிடும். அக்கறையில் கேட்பதுதான். ஆனால் படுக்கைப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கப் பல வீடுகளில் அந்தத் தினசரிக் கட்டே காரணமாக இருக்கிறது.

காஸ் துணி காய்ந்ததும் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். உரிக்கும்போது படுத்திருக்கும் பாட்டி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வார். உரித்த துணியைத் திருப்பிப் பாருங்கள், குண்டூசித் தலை அளவில் சிவப்புப் பொட்டுகள் தெரியும். புண்ணின் அடியில் அப்போதுதான் முளைத்திருந்த புதுச்சதை அது. ஆறத் தொடங்கியதைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அதன்மேல் ஸ்பிரிட்டோ ஹைட்ரஜன் பெராக்சைடோ ஊற்றினால் மிச்சமிருக்கும் செல்களும் செத்துப்போகும். கழுவுவதற்குப் பெரும்பாலும் செலைன் தண்ணீர் போதும்.

புண் காய்ந்தால்தான் ஆறும் என்று நம்மைப்போலவே உலகம் முழுவதும் நம்பியது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார். சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. காய்ந்த பொருக்குக்கு அடியில் புதுச் செல்கள் வழி தேடித் திணற வேண்டும். ஈரப் பரப்பில் சுலபமாக நகர்ந்து பரவும். இன்றைய நவீன டிரெஸ்ஸிங்குகள் பலவற்றுக்கும் அடிப்படை அந்த ஆய்வுதான்.

எதைப் போடுவது என்பதைப் புண்தான் சொல்லும். ஆழமில்லாமல், கொஞ்சமாக நீர் கசியும் புண்ணுக்கு ஹைட்ரோகொலாய்டு தாள். தோலோடு ஒட்டிக்கொண்டு பல நாள் இருக்கும். புண்ணின் நீரை உறிஞ்சி அது மஞ்சள் கூழாக மாறும். கொஞ்சம் வாடையும் அடிக்கும். இதைப் பார்த்துத்தான் மருமகள்கள் பதறிப்போய் போன் செய்கிறார்கள்: "சிஸ்டர், அத்தைக்குச் சீழ் வச்சிருச்சு!" சீழ் இல்லை, அது கரைந்த தாள். செலைனில் கழுவியதும் கூழும் வாடையும் போய், அடியில் நல்ல சிவப்பில் சதை தெரிந்தால் புண் ஆறி வருகிறது என்று அர்த்தம். கழுவிய பிறகும் நாற்றம் இருந்தாலோ, சுற்றிலும் தோல் சுட்டு வீங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ அது தொற்று. அப்போது இந்தத் தாளை ஒட்டவே கூடாது. டாக்டரிடம் போக வேண்டும்.

நீர் அதிகமாக வடியும் பள்ளமான புண்ணுக்கு ஆல்ஜினேட் அல்லது ஃபோம். ஆல்ஜினேட் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது. பஞ்சு போன்ற அதைப் பள்ளத்தில் தளர்வாக வைத்தால் நீரைக் குடித்துக் கூழாகும். வறண்ட புண்ணுக்கு இதை வைத்தால் கெடுதல். அங்கே வேண்டியது ஈரம் தரும் ஹைட்ரோஜெல். புண் மாற மாற டிரெஸ்ஸிங்கும் மாறும். போன மாதம் வாங்கிய பெட்டி மிச்சமிருக்கிறது என்பதற்காக அதையே ஒட்டக் கூடாது. செத்த சதை இருந்தால் பெரும்பாலும் அதை அகற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். குதிகாலில் காய்ந்து கறுத்து, கசிவில்லாமல் இறுக ஒட்டியிருக்கும் பொருக்கு மட்டும் விதிவிலக்கு. அதை வீட்டில் யாரும் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

தாள் ஒன்று சில நூறு ரூபாய் ஆகும். விலையைக் கேட்டதும் தயங்குவதில் தப்பில்லை. தினமும் வாங்கும் காஸ், பிளாஸ்டர், வலி மாத்திரை, கட்டு மாற்றும் கூலி எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்குக் கூட்டிப் பார்க்கச் சொல்வேன்.

இவ்வளவு விலை கொடுத்து ஒட்டிவிட்டு, அதே புண்ணின்மேல் மல்லாக்கப் படுக்க வைத்தால் காசு வீண். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி ரத்தம் ஓடாமல் போவதால் வந்த புண் இது. இரண்டாம் உலகப் போரில் தண்டுவடத்தில் அடிபட்ட வீரர்கள் இந்தப் புண்ணாலேயே செத்துக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944இல் பொறுப்பேற்ற லுட்விக் கட்மன், இரவு பகலாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைத் திருப்பிப் படுக்க வைத்தார். காற்று மெத்தை வாங்கிய வீட்டிலும் திருப்பித்தான் ஆக வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். நடுவில் ஓட்டை வைத்த ரிங் குஷன் வேண்டாம். சுற்றியுள்ள தோலை அது நெரிக்கும்.

புத்தகத்தில் முதல் அறிகுறி 'விரலால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு' என்றிருக்கும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு கண்ணுக்குச் சரியாகப் படாது. அதனால் குளிப்பாட்டும்போது வால் எலும்பு, இடுப்புப் பக்கம், குதிகால் மூன்றையும் புறங்கையால் தடவிப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, சதசதவென்றோ இருந்தால் அங்கே ஆரம்பித்துவிட்டது. எண்ணெய் வைத்துத் தேய்க்காதீர்கள். அடியில் நைந்திருக்கும் சதை இன்னும் நையும். அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் இருந்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். புண் இருப்பவருக்குக் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுத்தால் சதை எதிலிருந்து வளரும்? சிறுநீரகக் கோளாறு இல்லையென்று டாக்டர் சொன்னால் முட்டை, மீன், பருப்பு, தயிர் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஆழமான புண் மூடிய அன்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருக்கும், எனக்கும்தான். ஆனால் தழும்பு எத்தனை நாளானாலும் பழைய தோலின் வலுவில் 80 சதவீதம் வரைதான் எட்டும். முதல் சில வாரங்களில் அதில் சிறு பங்குதான் இருக்கும். அதனால் புண் மூடிய பிறகும் திருப்பிப் படுக்க வைக்கும் நேரத்தை எழுதிய தாளைச் சுவரிலிருந்து எடுக்க விடமாட்டேன்.