பத்து ரூபாய் ஆட்டமும் பறிபோன உறக்கமும்

காலங்கடந்து வருகிறவர்கள்

எருமப்பட்டியிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் என்னிடம் சிகிச்சைக்கு வருகிற வாலிபர்களுள் ஒருவரேனும், தாம் கைப்பேசியில் போக்கர் ஆடுவதாகவும் அதை நிறுத்த இயலவில்லை என்றும் தாமாகச் சொல்லிக்கொண்டு வந்ததில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று வருகிறார்கள். வயிறு எரிகிறது, பின்மண்டை வலிக்கிறது, விடியற்காலை மூன்று மணிவரை கண் மூடவில்லை என்று வருகிறார்கள். சிலரை மனைவியோ தாயாரோ, "எந்நேரமும் சிடுசிடுன்னே இருக்காருங்க, சோறு தண்ணி சரியா எடுக்கறதில்லீங்க" என்று அழைத்துவருகிறார்கள். கோழிப்பண்ணை மேற்பார்வையாளர், லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவர், போர்வெல் ரிக் வண்டியோடு மாதக்கணக்கில் வடநாடு சென்று திரும்பியவர், நாமக்கல் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்வரும் மாணவர் ஆகிய இத்தனை பேருக்கும் பொதுவாக உள்ள வியாதி யாது என்பது, இராத்திரி படுக்கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று மூன்றாம் முறை கேட்கும்போதுதான் வெளிப்படுகிறது. அப்பொழுதும், "அது ஒரு ரூவா ரெண்டு ரூவா ஆட்டமுங்க டாக்டர், அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்ற பதில் தயாராக இருக்கிறது.

சம்பந்தம் முழுவதும் அந்தப் பதிலிலேயே அடங்கியிருக்கிறது. லட்சக்கணக்கில் இழந்தவனைக் குடும்பம் கண்டுகொள்கிறது, கடன் கொடுத்தவர் வீட்டுக்கு வருகிறார், ஊர் பேசுகிறது. இருநூறு ரூபாயை வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஏறி இறங்குகிறவனைத் தேடி எவரும் வருவதில்லையாகையால், அவனும் அவனைச் சார்ந்தோரும் நோயை ரூபாயால் அளந்து, அது அற்பமென்று தீர்மானித்துவிடுகிறார்கள்; அந்தத் தீர்மானத்தின் பயனாக, முதற் சில மாதங்களில் வந்திருக்க வேண்டியவர் இரண்டு மூன்று வருஷங் கழித்து, உறக்கமும் கெட்டு, உத்தியோகமும் ஆட்டங்காணும் நிலையில் வந்து சேருகிறார்.

மேஜையில் மனம் படும் பாடு

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று 'பிளைண்டு' என்னும் கட்டாய முன்பந்தயம் வைத்த மேஜையில் இருநூறு ரூபாயோடு ஒருவர் அமர்கிறார் என்று கொள்வோம். சராசரியாக 221 தடவை சீட்டுப் போட்டால் ஒரு தடவையே கிட்டக்கூடிய இரண்டு ஏஸ் சீட்டுகள் அவர் கைக்கு வருகின்றன. எதிராளியிடம் இரண்டு ராஜா. இருவரும் இருப்பதையெல்லாம் வைத்து 'ஆல்-இன்' போகிறார்கள். வெற்றி வாய்ப்பு ஐந்தில் நான்கு பங்கு நம்மவர் பக்கம். கடைசிச் சீட்டாக மூன்றாவது ராஜா விழுகிறது. கணக்கின்படி ஐந்தில் ஒருமுறை இப்படி நடந்தே தீரும். ஆனால் அந்த நிமிஷத்தில் அவருக்குக் கணக்கு நினைவிருப்பதில்லை. தமக்கு அநியாயம் இழைக்கப்பட்டதாக ஒரு கொதிப்பு எழுகிறது; அந்தக் கொதிப்பில், சாதாரணமாகத் தொடவே மாட்டாத சீட்டுகளையெல்லாம் வைத்து ஆடத் தொடங்குகிறார். ஆட்டக்காரர்கள் இதை 'டில்ட்' என்கிறார்கள். விவேகம் விலகி ஆத்திரம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் நிலை அது. அந்நிலையில் இருதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயருவதற்கு, வைத்தது இருநூறா இரண்டு லட்சமா என்ற பேதம் தேவையில்லை.

நேரில் உட்கார்ந்து ஆடும் மேஜையில் ஒரு மணி நேரத்துக்கு முப்பது ஆட்டம் நடந்தால் அதிகம். கைப்பேசியில் அதே நேரத்தில் அறுபதுக்கு மேல் நடக்கும். சிலர் மூன்று நான்கு மேஜைகளை ஒருங்கே திறந்துவைத்துக்கொள்கிறார்கள். நோன்பியன்று திண்ணையில் துண்டை விரித்துச் சீட்டாடியவர் ஒரு பண்டிகைக் காலம் முழுவதிலும் அடைந்த ஆனந்தத்தையும் அவமானத்தையும், இந்தப் பிள்ளைகள் ஒரே இராத்திரியில், போர்வைக்குள், எவரிடமும் சொல்லாமல் அனுபவித்துத் தீர்க்கிறார்கள்.

கானமன், டிவெர்ஸ்கி என்னும் இரு அறிஞர்கள் 1979-ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த ஆராய்ச்சிகளிலிருந்து, ஒரு தொகையை இழப்பதில் உண்டாகும் வேதனை அதே தொகையைப் பெறுவதில் உண்டாகும் சந்தோஷத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு என்று நாம் அறிந்திருக்கிறோம். ஆகவே, நூறு ரூபாய் ஜெயித்து நூறு ரூபாய் தோற்று, கணக்கு நேராகிவிட்டது என்று நிம்மதியாகப் படுக்கப்போகிறவரும் மனத்தளவில் நஷ்டத்தோடுதான் படுக்கப்போகிறார். மாத முடிவில் பணம் பெரிதாகக் குறையாமலிருந்தும் மனுஷர் மட்டும் தேய்ந்துபோயிருப்பதன் காரணத்தை நான் இதில்தான் காண்கிறேன்.

தோல்வியைவிட வெற்றி பொல்லாதது என்றும் சொல்ல வேண்டும். எப்பொழுது வருமென்று அறிய முடியாத சிறு சன்மானம், தவறாமல் வருகிற சன்மானத்தைக் காட்டிலும் பழக்கத்தை இறுக்கிக் கட்டுகிறது. சூது என்னும் தொண்ணூற்று நான்காம் அதிகாரத்தை வள்ளுவர் தோற்றவனைப் பற்றிய பச்சாத்தாபத்தோடு தொடங்காமல் ஜெயிக்கிறவனுக்குரிய எச்சரிக்கையோடு தொடங்கியிருப்பதை, வைத்தியன் என்ற முறையில் நான் வியப்போடு பார்ப்பதுண்டு.

செவிவழி வந்த சமாதானங்கள்

"இது திறமை ஆட்டமுங்க, கோர்ட்டே சொல்லியிருக்குதுங்க" என்பது முதல் சமாதானம். வாஸ்தவந்தான். 2021 ஆகஸ்டு 3-ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் தமிழக அரசின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தை ரத்துச் செய்தது. அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையை ஒட்டிப் பிறந்த புதிய சட்டத்தையும், 2023 நவம்பர் 9-ஆம் தேதித் தீர்ப்பில், ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்தவை என்று கூறி, அவ்விரண்டைப் பொறுத்தவரை அந்த நீதிமன்றம் செல்லாததாக்கியது. நீதிமன்றம் ஆராய்ந்தது, ஓர் ஆட்டத்தைத் தடை செய்யும் அதிகாரம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை. ஆடுகிறவனுடைய உறக்கம் கெடுமா என்பதற்கு அத்தீர்ப்பில் விடை தேடுவது வீண் வேலை. திறமை உண்டு என்பதே இந்த ஆட்டத்தின் விசேஷமான அபாயமுங்கூட. தோற்றவன் அதிர்ஷ்டத்தை நொந்துகொண்டு எழுந்துபோகாமல், தன் திறமையை நிரூபித்துவிட்டு எழுவதென்று உட்கார்ந்துவிடுகிறான். மேலும், ஒவ்வோர் ஆட்டத்திலும் சேரும் பந்தயத் தொகையிலிருந்து நிறுவனம் எடுத்துக்கொள்ளும் 'ரேக்' என்னும் கமிஷன், பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து ரூபாய் அளவில் இருந்துவந்தது. பந்தயம் சிறியதாகுமளவுக்கு அதன் பாரம் கூடும். நிகர வெற்றியின்மீதான 30 சதவீத வருமான வரியோடு, 2023 அக்டோபர் முதல் கட்டிய தொகையின்மீது 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்த பிறகு, சின்ன மேஜையில் திறமையால் சம்பாதிக்கிறேன் என்றவரிடம் நான் வங்கிக் கணக்குப் பட்டியலைத்தான் கேட்டேன். அநேகர் அதைக் காட்டப் பிரியப்படவில்லை.

"விட்டதைப் புடிச்சுட்டு நிறுத்திக்கறேனுங்க" என்பது இரண்டாவது. இதைச் சொல்லாத நோயாளியை நான் கண்டதில்லை. தொடர்ந்து தோற்றுவிட்டோமாகையால் இனி ஜெயிப்பது நம் முறை என்னும் பிரமை, படித்தவர் படியாதவர் எல்லோரையும் பிடிப்பது. 1913 ஆகஸ்டு 18-ஆம் தேதி மான்டே கார்லோ சூதாட்ட மாளிகையில், சுழல் சக்கரத்தில் கறுப்பு நிறமே 26 முறை தொடர்ந்து விழுந்தது. அடுத்தது சிவப்புத்தான் என்று ஒவ்வொரு முறையும் பணத்தைக் கொட்டியவர்கள் சொத்தை இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. சீட்டுக் கட்டுக்கும் கிடையாது. விட்டதைத் துரத்துவதை நாங்கள் நோயின் பிரதான அறிகுறிகளுள் ஒன்றாகவே எழுதிக்கொள்கிறோம். நோயாளியோ அதையே நோய்க்கு மருந்தாகச் சொல்கிறார்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு வாதமும் உண்டு. "பண்ணைத் தொழிலே சூதாட்டந்தானுங்களே, முட்டை விலை ஏறுது, இறங்குது, நாங்க தாங்கிக்கலீங்களா?" என்று ஒரு பண்ணைக்காரர் கேட்டார். குஞ்சு இறக்கி முதல் முட்டையைக் காணப் பதினெட்டு, இருபது வாரமாகிறது. அதற்குள் தீவனம், தடுப்பூசி, தண்ணீர், வெயில் என்று நூறு விஷயங்களில் மனிதன் கையும் யோசனையும் செல்ல வேண்டியிருக்கிறது. பந்தயத்துக்கும் பலனுக்கும் இடையே உள்ள அந்தக் கால அவகாசந்தான் மனத்தை நிதானத்தில் வைக்கிறது. ஒரு நிமிஷத்தில் வைத்து மறு நிமிஷத்தில் பலன் காணும் வேலையில் அவகாசத்துக்கு இடமேது?

கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான் என்று கல்யாணம் செய்துவைக்கிறார்களே, அதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்: மருந்தென்று ஒரு பெண்ணைக் கொடுப்பது பாவம். கோயிலில் சத்தியம் வாங்குவதையும் கயிறு மந்திரித்துக் கட்டுவதையும் நான் பரிகசிக்கமாட்டேன். அவற்றால் சில வாரங்கள் கிடைக்கின்றன. அந்த வாரங்களுக்குள் வைத்தியரிடம் வராமல், சத்தியம் முறிந்த பிறகு 'தெய்வக் குத்தமும் சேர்ந்துவிட்டது' என்னும் பயத்தையும் சுமந்துகொண்டு வருவதுதான் என்னைச் சலிப்படையச் செய்கிறது.

மருந்துக்கடை வைத்தியம்

இவ்விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. மருத்துவர் சீட்டின்றி விற்கவே கூடாதென்று எச்-1 அட்டவணையில் வைத்திருக்கும் அல்பிரஸோலம் மாத்திரையை, 'தூக்கத்துக்கு ஒண்ணு கொடுங்க' என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கிவிட்டு, இப்பொழுது இரண்டு போட்டாலும் வரவில்லை என்று வந்து நிற்கிறார்கள். அம்மாத்திரை தானே ஒரு பழக்கமாக வேரூன்றும். திடீரென்று நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம். சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஆடுகிறவர் நிதானமிழந்து இன்னும் அதிகமாகத் தோற்கிறார் என்பது உபரி. நெஞ்சுப் படபடப்புக்கென்று பக்கத்து வீட்டுக்காரரின் புரோப்ரனலால் மாத்திரையைக் கடன் வாங்கிப் போட்ட ஓர் ஆஸ்துமா நோயாளி, மூச்சிரைத்து வந்து சேர்ந்ததையும் பார்த்தாயிற்று. ஐயா, உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் டாக்டர் அல்லர். அவருடைய மாத்திரை அவருக்கு எழுதியது.

இதற்கு நேர்மாறாக, மருந்தே காரணமாகிற அபூர்வ சந்தர்ப்பமும் உண்டு. நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் பிரமிபெக்ஸால், ரோபினிரோல் முதலிய மருந்துகள் சிலரிடத்தில் சூதாட்ட வேட்கையைக் கிளப்பிவிடும். அறுபது வயதுவரை சீட்டையே தொடாத பெரியவர் திடீரென்று ஆடத் தொடங்கினால், திட்டுவதற்கு முன் அவருடைய மருந்துச் சீட்டை எடுத்துவாருங்கள். மருந்தைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

பரிசோதனை

இரத்தத்திலும் ஸ்கேனிலும் இந்நோய் தெரியாது; தைராய்டும் ஈ.சி.ஜி.யும் வேறு காரணங்களை விலக்குவதற்கே.

சிகிச்சை என்ன?

சூதாட்ட நோயை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் 2013-ஆம் ஆண்டு நோய் வகைப்பாட்டு நூலில் குடி முதலிய அடிமைநோய்களின் வரிசையில் சேர்த்தது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அதற்குத் தனி இடம் உண்டு. ஆகவே இது குணக்கேடு என்று ஒதுக்குவதற்கில்லை. எண்ணங்களைப் பிரித்துக் காட்டித் திருத்தும் ஆலோசனைச் சிகிச்சையே முதன்மையானது. உடன் மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்துண்டு. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் கைப்பேசி, இணைய அடிமைத்தனத்துக்கென்றே ஒரு பிரிவு 2014 முதல் இயங்குகிறது. அவ்வளவு தூரம் போவானேன், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநல வைத்தியரைப் பார்க்கலாம்.

தடைக்குப் பின் வந்த கூட்டம்

நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஐந்து மணிவரை பண ஆட்டம் கூடாதென்று தமிழக அரசு 2025-இல் கொண்டுவந்த விதியை, உயர்நீதிமன்றம் ஜூன் 3-ஆம் தேதி ஏற்றுக்கொண்டபோது, சட்டம் தெரியாத நான் மனமார வாழ்த்தினேன். வைத்தியன் எழுதியிருக்க வேண்டிய விதி அது. அடுத்து, அதே ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதி ஜனாதிபதியின் ஒப்புதல் பெற்ற, இணையத்தில் பண ஆட்டத்தையே தடை செய்யும் மத்திய சட்டத்தால் பெரிய நிறுவனங்கள் பண மேஜைகளையே மூடிவிட்டன. ஆடுகிறவருக்கு அச்சட்டத்தில் தண்டனை இல்லை. எனவே ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் மேஜை மூடிய பிறகு சிலருக்கு எரிச்சலும் அமைதியின்மையும் கூடின. சிலர் வெளிநாட்டு ஆப்களைத் தேடிப் போனார்கள். சிலர், இதுவாவது கௌரவமான தொழில் என்று பங்குச் சந்தையின் ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கினார்கள். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டமே அடைந்தார்கள் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்டதை அவர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவதுண்டு.

குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

அம்மா, தாலிக்கொடியை அடகு வைத்து அவர் கடனை ஒருமுறை அடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். சிகிச்சை தொடங்காமல் அடைக்கிற கடன், அடுத்த ஆட்டத்துக்கு முதலாகிறது. அவரைத் தெருவில் நிறுத்தி அவமானப்படுத்தாதீர்கள்; அவமானந்தான் அவரை மறுபடியும் போர்வைக்குள் அனுப்புகிறது. இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசி படுக்கையறைக்கு வரவேண்டாமென்று வீடு முழுவதற்கும் ஒரு விதி செய்யுங்கள். பெரியவர்களும் அதற்குக் கட்டுப்படுங்கள். சம்பளக் கணக்கையும் யூ.பி.ஐ.யையும் சில மாதங்களுக்கு மனைவியோ தகப்பனாரோ பார்த்துக்கொள்ள அவரே சம்மதிக்கும்படி சாந்தமாகப் பேசுங்கள். தம்பி, உன்னிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்: இருப்பதைவிடப் போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திராதே. 14416 என்ற எண்ணிலோ 104 என்ற எண்ணிலோ எந்நேரமும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள், காசு வேண்டியதில்லை.

என்னிடம் வருகிறவர்கள் வங்கிக் கணக்குப் பட்டியலையும், இதுவரை விழுங்கிய மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, முடிந்தால் வீட்டிலிருந்து ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வந்தாலும் பாதகமில்லை.